கரும்பொருளுக்குப் போன கரும்பொன்

மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டு அடுப்பில் கிடக்கும் தோசைக்கல் அம்மாவைவிட மூத்தது. அம்மம்மா உரும்பிராயில் வாங்கியது. 1995 அக்டோபர் இடப்பெயர்வில் ஒரு சாக்குக்குள் கட்டப்பட்டு சாவகச்சேரிக்கு நடந்தது. பிறகு வன்னி, பிறகு கொழும்பு. கடைசியில் ஆறு சேலைகளுக்கு நடுவே பயணப்பெட்டியில் படுத்து சிட்னிக்கு வந்து சேர்ந்தது. இங்கே வழுக்கல் பூச்சுப் பூசிய சட்டிகள் எத்தனையோ வாங்கினோம். பூச்சு உரிய உரிய அவை குப்பைக்குப் போயின. இந்தக் கல் மட்டும் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பார்க்கின்சன் நோய் என்று சொல்லி நான்கு வருடம் ஆகிறது. மாவை ஊற்றி வட்டமாக இழுக்கும்போது அவர் கை நடுங்குவதில்லை. வேலை முடிந்து கை மடியில் சும்மா இருக்கும்போதுதான் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல அசையத் தொடங்கும். இரத்தச்சோகையும் உண்டு. அதற்கு இரும்புக் குளிசை எடுக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்வந்த பிறகு கேட்டார்: “தம்பி, மூளையில இரும்பு கூடினாத்தான் இந்த நடுக்கம் வருமாம். கோயில்ல ஒரு பிள்ளை சொன்னவ. நான் இந்தக் குளிசையை நிப்பாட்டட்டோ? கல்லையும் மாத்தோணுமோ?”

சொன்ன பிள்ளை தவறாக ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் இரும்பு மிகுந்திருப்பது உண்மை. ஆனாலும் அம்மாவுக்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கல்லிலிருந்து ஓர் இரும்பு அணு புறப்பட்டு அவர் மூளைக்குள் போய்ச் சேரும் வழி முழுவதையும் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அந்த அணு பூமியில் பிறக்கவில்லை. பூமி உருவாகும் முன்பே ஏதோ ஒரு விண்மீனின் அடுப்பில் வெந்து, அது வெடித்தபோது சிதறியது. பூமி திரண்டபோது இரும்பின் பெரும்பங்கு நடுவுக்கு இறங்கிவிட்டது. மேலே தங்கியதில் ஒரு பங்கு கடலில் கரைந்திருந்தது. ஆக்சிஜன் இல்லாத அந்தக் காலத்தில் கடல் நீரில் இரும்பு உப்பைப்போலக் கரையும். முதல் உயிர்கள் அதைத் தாராளமாக அள்ளி எடுத்துக்கொண்டன. இரும்பு அணுவுக்கு ஒரு குணம்: ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும், கேட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளும், மறுபடி கொடுக்கும். எலக்ட்ரான் கைமாறுவதில்தான் உயிரின் எரிபொருள் கணக்கு முழுக்க நடக்கிறது. அதனால் உயிர் தன் அடிப்படை இயந்திரங்களிலேயே இரும்பைப் பொருத்திக்கொண்டது.

பிறகு, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒளியில் உணவு சமைக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கின. கடலில் கரைந்திருந்த இரும்பு துருவாகிக் கீழே படிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் இன்று மலைமலையாகத் தோண்டிக் கப்பலேற்றும் சிவந்த தாது அந்தப் படிவுதான். தாராளமாகக் கிடைத்த இரும்பு ஒரே காலத்தில் அரிதாகவும் ஆபத்தாகவும் மாறியது. ஆக்சிஜன் உள்ள உலகில் இரும்பைத் தனியே அலையவிட்டால் அது பக்கத்தில் இருப்பதை எரிக்கும். அன்றிலிருந்து உயிர்கள் இரும்பைத் தேடிப் பிடிக்கவும் கட்டிக் காக்கவும் கற்றுக்கொண்டன. அம்மாவின் மூளையில் நடப்பது அந்தப் பழைய கதையின் ஒரு கிளை என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன்.

இரும்பின் அந்தச் சிவப்பு எங்கள் மெரிலேண்ட்ஸிலும் உண்டு. இந்தப் பக்கத்துக் களிமண் ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர்போனது. பழைய செங்கற்சூளை ஒன்றின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. களிமண்ணில் இருக்கும் இரும்பு சூளைத் தீயில் ஆக்சிஜனோடு சேர்வதால்தான் செங்கல் சிவக்கிறது. உரும்பிராயின் தோட்டத்துச் செம்மண்ணும் இரும்பால்தான் சிவப்பு. அம்மா இங்கே வந்த முதல் வாரம் தெருவோரச் செங்கல் மதில்களைப் பார்த்து, “எங்கட மண்ணின்ர நிறம்” என்றார். அன்று எனக்கு அது ஊர்நினைவாக மட்டும் தெரிந்தது. வேதியியலும் அதைத்தான் சொல்கிறது.

தமிழில் இரும்புக்குக் கரும்பொன் என்றும் ஒரு பெயர் உண்டு. பொன் என்றால் உலோகம்; அவற்றுள் கறுத்தது இது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பு பொ.ஆ.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்றது. காலக்கணிப்பு பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் கொடுமணலில் உலை வைத்து உருக்கு எடுத்தவர்கள் நம் ஆட்கள் என்பதில் வாதமில்லை. இரும்போடு இவ்வளவு நெடுங்காலம் புழங்கிய ஒரு மொழியில் அது மூளைக்குள் செய்யும் வேலையைப் பற்றி எழுதச் சொல் குறையாது என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

சரி, அணு கல்லிலிருந்து எப்படி உணவுக்குள் வருகிறது? புளிப்புத்தான் வழி. புளித்த மா, பழப்புளி, தக்காளி எதுவானாலும் இரும்புச் சட்டியில் பட்டால் கொஞ்சம் இரும்பைக் கரைத்துக்கொள்ளும். இரும்புப் பாத்திரத்தில் சமைத்த புளிப்பான உணவில் இரும்பு கூடுதலாக இருப்பது பலமுறை அளந்து பார்த்த விஷயம்.

பழப்புளியின் முதன்மையான அமிலம் டார்டாரிக் அமிலம். இந்த அமிலத்துக்கும் நம் கதைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1876இல் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் என்ற மாணவர் டார்டாரிக் அமிலத்தோடு சிறிதளவு இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து, பிறகு காரம் சேர்த்துப் பார்த்தார். அழகான ஊதா நிறம் வந்தது. 1894இல் அதை விரிவாக எழுதினார். மிகச் சிறிய அளவு இரும்பு, தான் தீராமலே, பெராக்சைடைக் கொண்டு அமிலத்தைத் திரும்பத் திரும்ப ஆக்சிஜனேற்றம் செய்தது. இரும்பு பெராக்சைடுக்கு ஓர் எலக்ட்ரான் கொடுக்கும்போது ஹைட்ராக்சில் என்ற, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் துண்டு மூலக்கூறு பிறக்கிறது என்பது பிற்காலத்தில் தெளிந்தது. ஃபென்டன் வினை என்று இன்று பாடப்புத்தகங்களில் இருப்பது இதுதான். புளியும் இரும்பும் சேர்ந்த ஒரு சோதனைக் குழாயில் முதலில் கண்ட வினை, நம் நரம்பணுக்களுக்குள்ளும் நடக்கக் காத்திருக்கும் வினை.

அணு இப்போது அம்மாவின் சிறுகுடலில் இருக்கிறது. உள்ளே நுழைய வேண்டுமானால் கரையும் வடிவத்துக்கு மாற வேண்டும். தேசிக்காய்ப் புளி இதற்கு உதவும்; தேத்தண்ணீர் தடுக்கும். ஒரு நாளில் உடல் உள்ளே எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம். குடலின் வாசலில் அவ்வளவு கண்டிப்பு. காரணம் இருக்கிறது: இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. தோலும் குடலும் உதிர்க்கும் உயிரணுக்களோடு போவதுதான் போக்கு. பெண்களுக்கு மாதவிலக்கில் கொஞ்சம். வெளியே விட முடியாததை உள்ளே விடும்போதே அளக்க வேண்டும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறு புரதம் அந்தக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருக்கிறது.

உள்ளே வந்த அணு பெரும்பாலும் தனியாக நடமாடுவதில்லை. இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒரு தடவைக்கு இரண்டு அணுக்களைச் சுமக்கும். மிஞ்சியதை ஃபெரிட்டின் என்ற கூடு பூட்டி வைக்கும். இருபத்து நான்கு துண்டுகள் சேர்ந்த அந்தப் பந்துக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். வளர்ந்த ஒருவர் உடம்பில் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம், ஒரு சிறு ஆணியின் எடை. அதில் பெரும்பங்கு செங்குருதி அணுக்களில். ஒரே ஒரு செங்குருதி அணுவுக்குள் 100 கோடிக்கு மேற்பட்ட இரும்பு அணுக்கள் உண்டு. 120 நாளில் அது முதுமையடைந்து உடைபடும். இரும்பு மீட்கப்பட்டு எலும்பு மச்சைக்குத் திரும்பும். நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இப்படிச் சுற்றிவருகிறது. அம்மாவின் உடம்பில் இன்று ஓடும் இரும்பில் உரும்பிராய்க் கிணற்றடி முருங்கையிலையில் இருந்த அணுக்களும் நிச்சயம் இருக்கும். நாடு மாறியதும் உடம்பு அவற்றை விட்டுவிடவில்லை.

நம் அணுவும் பல ஆண்டுகள் இரத்தத்திலேயே சுற்றியிருக்கலாம். ஒருநாள் மூளையின் நுண்குழாய்ச் சுவரில் டிரான்ஸ்ஃபெரினை வாங்கும் ஒரு கையில் சிக்கி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள மூளைத் தடையைத் தாண்டி உள்ளே போனது.

அங்கே அதற்கு வேலை நிறைய. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே உள்ள மூளை, உடலின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒன்றைச் செலவழிக்கிறது. அந்த எரிப்புக்கு இரும்பு வேண்டும். நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறை செய்ய இரும்பு வேண்டும். குழந்தைப் பருவத்தில் இரும்பு குறைந்தால் மூளை வளர்ச்சியே பின்தங்கும். ஆகவே மூளையில் இரும்பு என்றதும் பயப்படுவது தவறு.

மூளைத் தண்டின் மேற்பகுதியில், நடுமூளையில், வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும் ஒரு பட்டை இருக்கிறது. லத்தீனில் அதன் பெயருக்குக் கரும்பொருள் என்றுதான் அர்த்தம். இரு பக்கமும் சேர்த்துச் சில லட்சம் நரம்பணுக்கள். அவை டோபமீன் செய்கின்றன. நாம் எழுந்து நடக்க, கை நீட்ட, முகத்தில் சிரிப்பு வர, அந்த டோபமீன் வேண்டும். டோபமீன் செய்யும் முதற்படியில் வேலை பார்க்கும் நொதியின் மையத்தில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த நொதி இயங்காது. இந்த ஒரு விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் மருந்துச் சோதனைகளைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

டோபமீனுக்கும் இரும்புக்கும் ஒட்டுதல் அதிகம். மிஞ்சிய டோபமீன் ஆக்சிஜனேற்றமாகி நியூரோமெலனின் என்ற கறுப்புச் சாயமாகிறது. அது இரும்பைப் பற்றிப் பூட்டிக்கொள்கிறது. கரும்பொருளின் கறுப்பு அதுதான். வயது ஏற ஏறச் சாயமும் கூடும், இரும்பும் கூடும். சுவீடனின் ஹால்கிரென், சௌரண்டர் இருவரும் 1958இல் வெவ்வேறு வயதில் இறந்தவர்களின் மூளைகளை அளந்து, எந்தப் பகுதியில் எந்த வயதில் எவ்வளவு இரும்பு என்று எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பார்க்கின்சன் நிலை கொண்டவர்களின் மூளையில் இரும்பு மிகுந்திருப்பதை 1924இலேயே பிரான்சில் லெர்மிட்டும் துணைவர்களும் கண்டிருந்தார்கள். 1980களின் கடைசியில் லண்டனிலும் வியன்னாவிலும் அளந்தபோது அது உறுதிப்பட்டது. இந்த அறிவு முழுவதும், இறந்த பிறகு தம் மூளையைக் கொடுத்தவர்களால் கிடைத்தது. சிட்னியில் ரேண்ட்விக்கில் இன்றும் ஒரு மூளை வங்கி அந்த வேலையைச் செய்கிறது. அவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

இன்று உயிரோடிருப்பவர் மூளையிலும் இதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம். நலமான கரும்பொருளில் ஓரிடம் தகைவிலான் குருவியின் பிளந்த வால்போலத் தெரியும். பார்க்கின்சனில் இரும்பின் நிழல் பரவி அந்த வால் மறைந்துவிடும்.

இரும்பு மிகுந்திருக்கிறது, நரம்பணுக்கள் சாகின்றன. ஒன்று மற்றதற்குக் காரணமா? நெடுங்காலம் இதற்குப் பெயரிட்ட ஒரு விளக்கம் இல்லை. உயிரணு எப்படிச் சாகும் என்பதே முழுதாகத் தெரியாத காலம் அது. 1972இல் பிரிஸ்பேனின் நோயியலாளர் ஜான் கெர், அபர்டீனில் வில்லி, கரி இருவரோடு சேர்ந்து, உயிரணு தன்னைத் தானே ஒழுங்காக மடித்துக்கொண்டு சாகும் ஒரு விதத்துக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார். மரத்திலிருந்து இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல். நாற்பது ஆண்டுகள் அந்தப் பெயர் ஆய்வகங்களை ஆண்டது.

அமெரிக்காவில் பிரென்ட் ஸ்டாக்வெல்லின் ஆய்வகம் புற்றணுக்களைக் கொல்லும் சேர்மங்களைத் தேடிக்கொண்டிருந்தது. 2003இல் கிடைத்த எராஸ்டின் என்ற சேர்மம் அந்த உயிரணுக்களைக் கொன்றது. ஆனால் இலையுதிர்வின் அடையாளம் ஒன்றும் காணோம். அப்போப்டோசிஸைத் தடுக்கும் மருந்து போட்டாலும் உயிரணுக்கள் செத்தன. இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்து போட்டால் பிழைத்தன. 2012 மே மாதம் ஸ்காட் டிக்சன் முதல் ஆசிரியராக அவர்கள் எழுதிய கட்டுரை இதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டது. இரும்பால் உதிர்தல். தேடியது புற்றுக்கு மருந்து என்றாலும், அதே கட்டுரையிலேயே எலியின் மூளைச் சீவலில் குளூட்டமேட் மிகுதியால் சாகும் நரம்பணுக்களைத் தங்கள் தடுப்புச் சேர்மமான ஃபெரோஸ்டாடின் காப்பாற்றியதையும் காட்டியிருந்தார்கள். நரம்பியலாளர்கள் திரும்பிப் பார்த்தது அதனால்.

அந்தச் சாவு எப்படி நடக்கிறது என்பதை நம் சமையலறையிலிருந்தே சொல்லலாம். பொரித்த எண்ணெயைத் திறந்து வைத்தால் சில நாளில் சிக்கு வாடை வரும். எண்ணெயிலுள்ள கொழுப்புச் சங்கிலிகளில் சில இடங்கள் மென்மையானவை. ஆக்சிஜன் அங்கே பாய்ந்து ஒரு பெராக்சைடை உண்டாக்கும். அது பக்கத்துச் சங்கிலியைத் தொடும். அது அதன் பக்கத்தை. இரும்பு உடனிருந்தால் ஓட்டம் பலமடங்கு. உயிரணுவின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். நரம்பணுவின் சவ்வில் இந்த மென்மையான கொழுப்பு ஏராளம். அங்கே சங்கிலி பற்றிக்கொண்டால் சவ்வே சிக்கெடுத்துக் கிழிகிறது. உயிரணு தன்னை மடிப்பதில்லை; ஓட்டை விழுந்து சாகிறது.

இவ்வளவு எளிதில் பற்றக்கூடியது எப்படி எழுபது எண்பது வருடம் பற்றாமல் இருக்கிறது? காவலாளி ஒருவர் இருக்கிறார். ஜி.பி.எக்ஸ்.4 என்ற நொதி, சவ்வில் பெராக்சைடு பிறந்ததும் அதைச் சாதுவான பொருளாக மாற்றிவிடும். அதன் நடுவில் செலினியம் அணு ஒன்று இருக்கிறது. அதற்கு எரிபொருள் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. எராஸ்டின் செய்தது, குளூட்டாதயோன் செய்யத் தேவையான சிஸ்டீன் உயிரணுவுக்குள் வரும் வாசலை அடைத்தது. எரிபொருள் தீர்ந்ததும் காவல் நின்றது. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வளர்ந்த எலிகளின் நரம்பணுக்களில் இந்த நொதியின் மரபணுவை நீக்கியபோது அவை விரைவில் வாதத்தில் விழுந்தன. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் செத்திருந்தன. வேறு மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. இரும்பை மிகுதியாகக் கொடுக்கவும் இல்லை. ஏற்கெனவே இருந்த இரும்பே போதுமாயிருந்தது.

எனக்குப் புரிதல் மாறிய இடம் இது. இரும்பின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காவல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேயில்லை. பார்க்கின்சன் நோயாளிகளின் கரும்பொருளில் குளூட்டாதயோன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருப்பது 1990களிலேயே தெரிந்திருந்தது. அங்கே கொழுப்பு சிக்கெடுத்ததன் தடயங்கள் மிகுந்திருப்பதும் தெரிந்திருந்தது. 2012க்குப் பிறகு அந்தப் பழைய துண்டுகளெல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. மூளைக்குள் இரத்தம் கசியும் பக்கவாதம், மோட்டார் நியூரான் நோய், அல்சைமர் ஆகியவற்றிலும் இதே கோடு தெரிவதாகக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. மனித மூளையில் இவை சூழ்நிலைச் சான்றுகள்தான். உயிரோடிருப்பவர் மூளையில் ஓர் உயிரணு இப்படிச் செத்தது என்று கையோடு பிடித்துக் காட்டும் சோதனை இன்னும் கிடையாது.

இந்த ஆய்வில் ஆஸ்திரேலியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. மெல்பர்னின் பார்க்வில்லில் ஃப்ளோரி ஆய்வு நிறுவனத்தில் ஆஷ்லி புஷ் பல பத்தாண்டுகளாக மூளையின் உலோகங்களை ஆராய்கிறார். 2012இல் அவர் குழு, டௌ என்ற புரதம் இல்லாத எலிகளில் நரம்பணுவிலிருந்து இரும்பு வெளியேற முடியாமல் தேங்குவதையும், அந்த எலிகள் முதுமையில் பார்க்கின்சன் போன்ற நிலை அடைவதையும் காட்டியது. 2015இல் ஸ்காட் ஏட்டனும் புஷ்ஷும் மூளைத் தண்டுவட நீரில் ஃபெரிட்டின் மிகுந்தவர்களுக்கு நினைவாற்றல் விரைவாகச் சரிவதை எழுதினார்கள். அப்படியானால் இரும்பை எடுத்துவிட்டால்?

எடுக்க ஒரு மருந்தும் கையில் இருந்தது. டெஃபெரிப்ரோன் 1980களில் இங்கிலாந்தில் உருவானது. தலசீமியா நோயாளிகளுக்கு இரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் தேங்கும் இரும்பை நீக்கும் குளிசை. 1990களின் நடுவில் உலகிலேயே முதலில் இந்தியாவில் அனுமதி பெற்று, மும்பையின் சிப்லா அதைக் கெல்ஃபர் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இரவு முழுதும் வயிற்றில் ஊசி செருகிப் படுத்திருந்த பிள்ளைகளுக்கு ஒரு குளிசை கிடைத்தது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும். மூலக்கூறு சிறியதாகையால் மூளைத் தடையையும் தாண்டும். அதனால் நரம்பியலாளர்கள் அதை எடுத்தார்கள்.

பிரான்சின் லில் நகரைச் சேர்ந்த டேவிட் டெவோஸ் தலைமையில் ஐரோப்பாவில் நடந்த ஆய்வின் முடிவு 2022 டிசம்பரில் வந்தது. பார்க்கின்சன் புதிதாகக் கண்டறியப்பட்டு இன்னும் லெவோடோபா மருந்து தொடங்காத 372 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்றுக் குளிசை, 36 வாரம். கரும்பொருளில் இரும்பு குறைந்தது. மருந்து தன் வேலையைச் செய்தது. ஆனால் நோயின் மதிப்பெண் மருந்து எடுத்தவர்களுக்கு 15.6 புள்ளி மோசமானது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கு 6.3 மட்டுமே. நிலை தாங்காமல் இடையிலேயே டோபமீன் மருந்து தொடங்க வேண்டியிருந்தவர்கள் ஒரு பக்கம் 22 சதவீதம், மறு பக்கம் 2.7 சதவீதம்.

டோபமீன் செய்யும் நொதியின் மையத்தில் உட்கார்ந்திருந்த அந்த அணுவை இங்கே நினைவுகொள்ள வேண்டும். ஏற்கெனவே குறைவாகச் சுரந்த டோபமீன், இரும்பு போனதும் இன்னும் குறைந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம்.

மெல்பர்ன் குழு இதே மருந்தை அல்சைமரில் சோதித்தது. ஆஸ்திரேலியாவின் பல மையங்களில் 81 பேர், ஓராண்டு. 2024 கடைசியில் முடிவு வெளியானது. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்தது. அறிவாற்றலோ, மருந்து எடுத்தவர்களுக்கு இன்னும் வேகமாகச் சரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு கருத்தைக் கட்டி எழுப்பியவர்கள், அதற்கு எதிரான முடிவைத் தாமே முன்வந்து எழுதினார்கள். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். அந்த ஓராண்டு முழுதும் நம்பிக்கையோடு குளிசை எடுத்த நோயாளிகளையும், அவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்ற பிள்ளைகளையும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்கள் இழந்தது கொஞ்சமில்லை. நமக்குத் தந்ததும் கொஞ்சமில்லை.

இரும்பால் உதிர்தல் என்ற கருத்தே பிழை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தீயை அணைக்க வீட்டின் அடுப்பையே பிடுங்கி எறிந்ததுபோல ஆனது அந்தச் சிகிச்சை. வேலையில் இருக்கும் இரும்பையும் வேலையின்றி அலையும் இரும்பையும் அந்த மருந்து பிரித்தறியவில்லை. ஆகவே ஆய்வு இப்போது இரும்பை விட்டுச் சவ்வின் பக்கம் திரும்பியிருக்கிறது. எளிதில் பற்றாத, கன ஹைட்ரஜன் சேர்த்த கொழுப்பை உணவில் கொடுத்துப் பார்ப்பது ஒரு முயற்சி. காவல் நொதியைத் தாங்கிப்பிடிக்கும் சேர்மங்களைத் தேடுவது இன்னொன்று. மெல்பர்னில் பல ஆண்டு ஆய்ந்த சி.யு.ஏ.டி.எஸ்.எம். என்ற செம்புச் சேர்மம் ஆய்வகத்தில் ஃபெரோப்டோசிஸைத் தடுத்தது. மோட்டார் நியூரான் நோயாளிகளிடமும் அது சோதிக்கப்பட்டது. இவற்றில் ஒன்றும் இன்று அம்மாவின் மருந்துச் சீட்டில் எழுதக்கூடிய நிலையில் இல்லை. வைட்டமின் ஈ சவ்வுக் கொழுப்பைக் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் 800 பார்க்கின்சன் நோயாளிகளிடம் அதை நடத்திப் பார்த்து 1993இல் வந்த முடிவு, பயனில்லை என்பது. கடையில் போத்தலாக விற்கிறதே என்று வாங்கி விழுங்குபவர்களுக்கு இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். மூளையின் இரும்பும் இரத்தத்தின் இரும்பும் ஒரே கணக்கில் ஏறி இறங்குவதில்லை. இடையே காவலுள்ள ஒரு சுவர் இருக்கிறது. குளிசையை நிறுத்தினால் கரும்பொருளின் இரும்பு குறையாது. சோகை கூடும், களைப்பு கூடும், எழுந்து நடக்கும் தெம்பு போகும். தோசைக்கல் விடும் துளி இரும்பையும் குடலின் வாசல் அளந்துதான் உள்ளே விடுகிறது. மருத்துவரிடமும் கேட்டேன், இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னார்.

அவர் கூடவே ஒரு கேள்வி கேட்டார்: “லெவோடோபாவையும் இரும்பையும் ஒரே நேரத்திலா எடுக்கிறார்?” ஆமாம், அப்படித்தான். காலையில் எல்லாக் குளிசைகளையும் உள்ளங்கையில் கொட்டி, கடவுளைக் கும்பிட்டு, ஒரே மிடறில் விழுங்குவதுதான் அம்மாவின் வழக்கம். டோபமீனுக்கு இரும்போடு இருக்கும் அதே ஒட்டுதல் அதன் தாய்ப்பொருளான லெவோடோபாவுக்கும் உண்டு. இரண்டும் குடலில் சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்; மருந்து இரத்தத்தில் ஏறுவது கணிசமாகக் குறையும். மூளைக்குள் கறுப்புச் சாயம் இரும்பைப் பிடிக்கும் அதே பிடி, கீழே குடலில் அம்மாவின் மருந்தைப் பிடித்துவைத்திருந்தது. காலையில் மருந்து எடுத்தும் பத்து மணிவரை கால் இழுக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை, நோய் முற்றுகிறது என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டிய நான் கேட்கவில்லை.

இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காலை 6 மணி லெவோடோபா. 7 மணி தோசை. இரும்பு 9 மணிக்கு, தேசிக்காய்த் தண்ணீரோடு. தேத்தண்ணீர் அதற்குப் பிறகுதான். அடுத்த லெவோடோபா 11 மணிக்கு.

“அப்ப கல்லு?” என்று கேட்டார் அம்மா.

“கல்லு இருக்கட்டும் அம்மா.”

நல்லெண்ணெய் தொட்ட வெங்காயப் பாதியால் கல்லைத் தேய்த்துவிட்டு, முதல் தோசையை ஊற்றினார்.